மேற்படி பொறியாளர் என் கணவர்

பொண்ணுக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லித்தான் அக்கா எனக்குக் கல்யாணம் பேசி முடித்தாள்.

"அரசாங்க உத்தியோகம்டா. மேஜை, நாற்காலி, ஃபேன், கையெழுத்து. சாயங்காலம் அஞ்சரைக்கு டாண்ணு வீட்டுல இருப்பா."

அக்காவைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த அரசாங்க ஊழியர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் இருந்தார்கள். நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்த நானே அப்படித்தான் இருந்தேன். பெண் வன உயிரினப் பாதுகாப்புத் துறையில் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முதல் தடவை பேசிக்கொண்டபோது, "உங்க வேலை எப்படி?" என்று கேட்டேன். "கொஞ்சம் அலைச்சல் இருக்கும்" என்றாள்.

அந்தக் கொஞ்சம் என்பது எவ்வளவு என்று கல்யாணமான மூன்றாவது வாரம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் தலைவைத்துப் படுத்திருந்த தலையணையின் உறையை உருவிக்கொண்டு வெளியே ஓடினாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது அந்த உறையின் வாய் கட்டப்பட்டிருந்தது. உறை தானாக நெளிந்துகொண்டிருந்தது.

"அடுத்த தெரு மருந்துக்கடையில சாரைப்பாம்பு புகுந்துடுச்சுங்க. விஷம் கிடையாது. ஆபீஸ் ஜீப் வர நேரமாகும். நீங்க காரை எடுங்க, நான் இதைப் பிடிச்சுக்கறேன்."

எடுத்தேன். ஊருக்கு வெளியே இருக்கும் புதர்க்காடு வரைக்கும் ரெண்டாவது கியருக்கு மேல் போடவில்லை. உறையை அவள் துவைத்துத்தான் திருப்பிக் கொடுத்தாள். இருந்தாலும் அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் உறையில்லாத தலையணையில்தான் தூங்கினேன்.

அவளுடைய உத்தியோகம் வளர்ந்த கதையை முழுக்கச் சொன்னால் பொழுது போதாது. சோதனைச்சாவடியில் இருந்த ரெண்டு வருஷத்தில் திருட்டுத்தனமாகக் கிளி விற்ற ஒரு ஆசாமியைப் பிடித்தாள். நாற்பது கிளிகள். கோர்ட்டுக்கு மூன்று நாள் விடுமுறை, ஆபீஸில் இடமில்லை. கூண்டுகள் எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்தன. அதில் ஒரு கிளி பேசும். விற்றவனிடம் கற்றுக்கொண்டதோ என்னவோ, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். பார்க்க வந்த அவளுடைய மேலதிகாரியை அது ஒரே வார்த்தையில் வரவேற்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பி, "வராந்தா நல்ல காத்தோட்டமா இருக்கு" என்றார். கோர்ட்டிலும் அது சும்மா இருக்கவில்லை. அது சொன்னதைப் பதிவு செய்ய எழுத்தர் மறுத்துவிட்டார். விற்றவனுக்குத் தண்டனை கிடைத்தது. மற்ற கிளிகளை எல்லாம் பறக்கவிட்டார்கள். பேசும் கிளியை மட்டும் கடைசியில் விட்டார்கள், அதுவும் குடியிருப்புகள் இல்லாத பக்கமாகப் பார்த்து.

பிறகு ஆறு வருஷம் நீர்ப்பறவைகளை எண்ணினாள். பிறகு தீப்பிடிக்கும் மலைச்சரிவு ஒன்றில் நாலு வருஷம். ஒவ்வொரு மாற்றலுக்கும் நாங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டுவோம். எனக்கு மாற்றல் கிடைக்காவிட்டால் சனி, ஞாயிறு பஸ் பிடிப்பேன். இப்படியே இருபத்தோரு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகுதான் அவளும் நானும் ஒரே ஊரில், ஒரே வீட்டில் இருந்து ஆபீஸ் போகும் பாக்கியம் வாய்த்தது. நான் கோட்டப் பொறியாளர். அவள் மாவட்ட வன உயிரினப் பாதுகாப்பு அலுவலர். அக்காவும் மாடி போர்ஷனுக்குக் குடிவந்துவிட்டாள்.

"ஒருத்தர் ரோடு போடுவார், ஒருத்தர் ரோட்டைத் தடுப்பார். வீடு நல்லா இருக்கும்" என்று என் ஆபீஸில் சிரித்தார்கள். அதனால் வந்த அன்றே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஆபீஸ் விஷயம் வாசல்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. நான் சிமெண்டைப் பற்றிப் பேச மாட்டேன். அவள் மிருகங்களைப் பற்றிப் பேச மாட்டாள்.

ஒப்பந்தத்தை அவள் எழுத்துக்கு எழுத்து மதித்தாள். பேசவில்லை. ஆனால் ஃபிரிட்ஜில் சின்னச் சின்ன டப்பாக்கள் வர ஆரம்பித்தன. மூடியின் மேல் தேதியும் இடமும் எழுதி ஒட்டியிருக்கும். ஒருநாள் பால் எடுக்க வந்த அக்கா ஒன்றைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "மீன் கெட்டுப் போயிருக்கு. இதைப் போய் யாராவது எடுத்து வைப்பாங்களா?" என்று குப்பையில் கொட்டிவிட்டாள். சாயங்காலம் மனைவி வந்து பார்த்தாள். கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, அது மீன் இல்ல. மீனைச் சாப்பிட்ட நீர்நாயோட எச்சம்."

அக்கா அன்றைக்குக் கையை எத்தனை முறை கழுவினாள் என்று எனக்குத் தெரியாது. மாடியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றபாடில்லை. மறுநாளே தனக்கென்று ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டாள்.

நீர்நாய் எதற்கு எங்கள் ஃபிரிட்ஜுக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. விடை மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்தது.

இந்த இடத்தில் என் புறவழிச்சாலையைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது கிலோமீட்டர். நாலு வருஷ உழைப்பு. அதில் ஏழாம் எண் சிறுபாலம் என்று ஒன்று. ஏரியிலிருந்து வரும் ஓடை சாலையைக் கடக்கும் இடம். கான்கிரீட் பெட்டி மாதிரி கட்டி, உள்சுவரைக் கண்ணாடி மாதிரி பூசவைத்தேன். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காமல் அம்பு மாதிரி பாய்ந்து போகும். பயிற்சிக்கு வரும் பொறியாளர்களை அங்கே கூட்டிப்போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை தபால் பிரிவு ஊழியர் ஒரு கவரை என் மேஜையில் வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அங்கேயே நின்றார். பிரித்தேன்.

"ஐயா, பொருள்: புறவழிச்சாலை, எண் 7 சிறுபாலம், நீர்நாய்கள் வாகனங்களில் அடிபட்டு இறத்தல் தொடர்பாக. மேற்படி சிறுபாலத்தின் மேல் இரண்டு மழைக்காலங்களில் ஆறு நீர்நாய்கள் இறந்துள்ளன. பாலத்தின் வடிவமைப்பே இதற்குக் காரணம் என இவ்வலுவலகம் கருதுகிறது. தங்கள் விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

கீழே பச்சை மையில் கையெழுத்து. அதே கையெழுத்தில் அன்று காலை வீட்டில் ஒரு சீட்டு இருந்தது: "சாயங்காலம் வரும்போது தக்காளி."

"கையால வாங்கிட்டேன்னு கையெழுத்து போடுங்க சார்" என்றார் தபால் பிரிவு ஊழியர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பை அடக்கும் முகத்தைத்தான் அப்படி வைத்துக்கொள்ள முடியும்.

வடிவமைப்பே காரணம் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. என் ஏழாம் நம்பரையா? பதிலுக்கு நானும் எழுதினேன். "அம்மையீர், மேற்படி சிறுபாலம் உரிய விதிகளின்படி கட்டப்பட்டுள்ளது. பாலத்துக்கு அடியில் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு வழி உள்ளது. விலங்குகள் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்."

நாலாம் நாள் பதில் வந்தது. "தங்கள் கடிதத்தின் பொருளை நீர்நாய்களுக்குத் தெரியப்படுத்த இத்துறையிடம் வழிவகை ஏதும் இல்லை."

மறுநாள் காலை முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "உப்பு போதுமா பாருங்க" என்றாள்.

"போதும் போதும். நேத்துத் தபால்லயே நிறைய வந்துடுச்சு."

அவள் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். பேப்பர் லேசாகக் குலுங்கியது.

இப்படி அவளிடமிருந்து மட்டும் ஒன்பது கடிதங்கள். என் ஆபீஸில் தபால் வரும் நேரத்துக்குப் பக்கத்துப் பிரிவிலிருந்தெல்லாம் ஆட்கள் டீ குடிக்க என் அறைப்பக்கம் வந்தார்கள். நான் என் ஆறாவது பதிலில், "நீர்நாய் நீந்தத் தெரிந்த விலங்கு என்பது இவ்வலுவலகத்தின் புரிதல்" என்று எழுதி, நல்ல அடி அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஒன்பதாவது கடிதத்தில் அவள் கூட்டாய்வுக்கு நாள் குறித்தாள். ரெண்டு துறையும் சேர்ந்து நேரில் பார்ப்பது. மறுக்க முடியாது.

அந்த நாளும் வந்தது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தோம். ஒரே வாசலில் ரெண்டு ஜீப்பு வந்து நின்றன. ஒன்றில் அவள் ஏறினாள், ஒன்றில் நான் ஏறினேன். மாடியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "எங்கடா ரெண்டு பேரும் தனித்தனியா?" என்றாள்.

"ஒரே இடத்துக்குத்தான்க்கா."

"அப்ப எதுக்கு ரெண்டு வண்டி?"

அதற்கு அரசாங்கத்தில் எவ்வளவோ காரணம் உண்டு. எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழாம் எண்ணில் ஓடை ரெண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "பாத்தீங்களா, ஒரு சொட்டு தேங்கல" என்றேன். வேலை இடத்தில் அவளை வாங்க, போங்க என்றுதான் சொல்வேன்.

"உள்ள கொஞ்சம் இறங்கிப் பாருங்க சார்" என்றாள் அவளும்.

முழங்கால் பூட்ஸோடு இறங்கினேன். ரெண்டடி வைத்ததும் தண்ணீர் காலை வாரியது. சுவரைப் பிடித்தேன். பிடிக்க என்ன இருக்கிறது? கண்ணாடி மாதிரி பூசியவனே நான்தானே. அவளுடைய ஜீப் டிரைவர் கையைக் கொடுத்து இழுத்துவிட்டார்.

"நீந்தத் தெரிஞ்ச விலங்குன்னு எழுதியிருந்தீங்க. உங்களுக்கும் நீச்சல் தெரியும். அதை எதிர்த்து உள்ள போவீங்களா?"

நான் பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டினேன்.

"அதுங்களும் போகாது. கரையேறி நடக்கும். எதிர்ப்பக்கம் போக வேற வழி என்ன இருக்கு?" அவள் கையைக் காட்டினாள். ஓடைக்கரைப் புல்லில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு தடம் மேலே ஏறியது. புல் தேய்ந்து மண் மினுங்கியது. அது நேராகப் போய் என் சாலையின் வெள்ளைக்கோட்டில் முடிந்தது. எத்தனையோ முறை அந்த இடத்தில் நின்று பாலத்தைக் காட்டியிருக்கிறேன். தடத்தைப் பார்த்ததில்லை.

அவள் கரையோரமாக அளவெடுக்கப் போனாள். டிரைவர் எனக்குத் துடைக்கத் துணி கொடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆறையும் நாங்கதான் சார் எடுத்துட்டுப் போனோம். பின்னாடி சாக்குல போட மேடம் விட மாட்டாங்க. மடியிலதான் வச்சுக்குவாங்க. கடைசியா செத்தது வயித்துல குட்டியோட இருந்துச்சு."

"எப்ப?"

அவர் தேதியைச் சொன்னார். எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்று என் பிறந்தநாள். அவள் வீட்டுக்கு வந்து, குளித்து, எங்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபீஸ் விஷயம் வாசல்படி தாண்டக் கூடாது என்று சொன்னது நான்தான்.

ஆறு மணி ஆனபோது, கிளம்பலாம் என்றேன். "அரை மணி நேரம் இருங்க, இதுதான் அதுங்க வர்ற நேரம்" என்றாள். மழை விட்டு வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. புதருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தோம். கால் மரத்துப் போகும் நேரத்தில் தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது. தட்டையான பழுப்புத் தலை, பெரிய மீசை. பின்னால் ரெண்டு சின்னத் தலைகள். தாயும் குட்டிகளும் பாலத்தின் வாய்க்கு வந்தன. தாய் முன்னங்கால்களைத் தூக்கி என் சுவரில் வைத்தது. வழுக்கியது. மறுபடியும் வைத்தது. மறுபடியும் வழுக்கியது. அப்படியே திரும்பிப் புல்தடத்தில் ஏற ஆரம்பித்தது. குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று மோந்துகொண்டு பின்னால் போயின.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் திரும்பினால் அவளைக் காணோம். நடுச்சாலையில் நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து வண்டிகளுக்கு அவள் இருக்கிறாள். இந்தப் பக்கம்? ஒரு சரக்கு லாரி வந்துகொண்டிருந்தது. ஓடினேன். ஜீப்பிலிருந்த சிவப்புக் கொடியை உருவிக்கொண்டு சாலையின் குறுக்கே நின்றேன். நான் ஓடியதை என் ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

லாரி கிறீச்சிட்டு நின்றது. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! நட்டநடு ரோட்டுல நிக்கறியே, உங்கப்பன் வீட்டு ரோடா?"

"என் ரோடுய்யா! நான் போட்ட ரோடு!"

அவர் தலையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். என் தொப்பலாக நனைந்த பேண்ட்டைப் பார்த்தார். பிறகு என் காலுக்கு அப்பால் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

"என்ன அது, கீரியா?"

"நீர்நாய்."

"கடிக்குமா?"

"உங்களை இல்ல, மீனை" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி.

தாய் கடந்துவிட்டது. ஒரு குட்டியும் கடந்தது. ரெண்டாவது குட்டி நடுவில் நின்று வெள்ளைக்கோட்டை மோந்து பார்த்து, என்ன நினைத்ததோ, வந்த வழியே திரும்பி ஓடிவிட்டது. தாய் திரும்பி வந்தது. அதட்டுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் போட்டது. கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. இந்தக் கூத்து முடிய நாலு நிமிஷம். ரெண்டு பக்கமும் பதினோரு வண்டி நின்றது. ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. சத்தியமாக.

வீட்டுக்குத் தனித்தனி ஜீப்பில்தான் திரும்பினோம். சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டை வைப்பதற்குள் நான் ஒரு பெரிய தாளை விரித்துப் பென்சிலை எடுத்தேன்.

"ஆபீஸ் விஷயம் வாசல்படி..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த ரூலை ரத்து பண்ணியாச்சு. உக்காரு. உள்சுவரை ஒட்டி ஒரு திண்டு. வெள்ளம் ஏறுற அளவுக்கு மேல பதினஞ்சு சென்டிமீட்டர். ரெண்டு முனையிலயும் கரையில இருந்து ஏற ஒரு சரிவு. சொரசொரப்பாப் பூசணும். அகலம் நாப்பத்தஞ்சு."

"அம்பது."

"நாப்பத்தஞ்சு தாராளம்."

"நீங்க ஒருதடவை நாப்பத்தஞ்சுல நடந்து பாருங்களேன்."

"நான் என்ன நீர்நாயா?"

அவள் என் தொப்பையைப் பார்த்தாள். "இல்ல. அது ஒல்லி."

ஐம்பது என்று எழுதினேன்.

எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு போனபோது என் மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னய்யா, வீட்டுல சாப்பாடு நிறுத்திட்டாங்களா?" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், ஒரே வாரத்தில் ரெண்டு மொட்டைக் கடுதாசி கிளம்பியது. ஒன்று என் துறைக்கு: கோட்டப் பொறியாளர் மனைவி சொன்னதற்காக அரசாங்கச் செலவில் மிருகங்களுக்கு நடைபாதை கட்டுகிறார். இன்னொன்று அவள் துறைக்கு: ஆறு நீர்நாய் செத்தும் பாதுகாப்பு அலுவலர் நெடுஞ்சாலைத் துறை மேல் வழக்குப் போடவில்லை, ஏனென்றால் பொறியாளர் அவருடைய கணவர். ரெண்டும் ஒரே ஆள் எழுதியது என்பதில் சந்தேகமே இல்லை. ரெண்டிலும் "கணவர்" என்பது "கனவர்" என்று இருந்தது.

"எழுதினவர் யாரா இருந்தாலும் நல்ல மனசுக்காரர். உங்களைப் போய் கனவர்னு சொல்லியிருக்காரே" என்றாள் மனைவி.

சிரித்தாலும், ரெண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மெமோகூட வாங்காதவள். ஒருநாள் சாயங்காலம் மேஜையின் இந்த முனையில் நானும் அந்த முனையில் அவளுமாக உட்கார்ந்து எழுதினோம். அக்கா நடுவில் டீயை வைத்துவிட்டு, பரீட்சை ஹாலில் நடப்பது மாதிரி சத்தம் போடாமல் போனாள். நான் நாலு பக்கம் எழுதினேன். அவள் கால் மணி நேரத்தில் பேனாவை மூடிவிட்டாள். எழுந்து போனதும் எட்டிப் பார்த்தேன்.

"மேற்படி பொறியாளர் என் கணவர் என்பது உண்மை. இது குறித்துக் கூடுதலாகத் தெரிவிக்க ஏதுமில்லை. அவருக்கு நான் எழுதிய ஒன்பது கடிதங்களின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. அவருக்குச் சலுகை ஏதும் காட்டப்படவில்லை என்பதை அவற்றின் தொனியிலிருந்து அறியலாம்."

அவளுடைய விளக்கம் ஒரே வாரத்தில் ஏற்கப்பட்டது. அவள் துறையில் அந்த ஒன்பது கடிதங்களையும் பிரதி எடுத்துப் படித்தார்கள் என்று கேள்வி. என்னுடையது மூன்று முறை திரும்பி வந்தது.

எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது. கேட்டும் விட்டேன். "இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். கூடுதலாத் தெரிவிக்க ஒண்ணுமே இல்லையா?"

"கேட்டிருந்தா தெரிவிச்சிருப்பேன்."

"என்னன்னு?"

கொஞ்சம் யோசித்தாள். "பாம்பு இருக்குன்னு தெரிஞ்சும் வண்டியை நிறுத்திட்டு இறங்கி ஓடலன்னு."

நான் ஓட நினைத்ததும், கால் வரவில்லை என்பதும் அவளுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

வெயில் காலத்தில் திண்டைக் கட்டி முடித்தோம். மழை வந்தது. அவள் ஒரு தானியங்கி கேமராவைப் பாலத்துக்குள் மாட்டினாள். எதிரே எது நகர்ந்தாலும் படம் எடுத்துவிடும். மூன்று வாரம் கழித்துப் படங்களைச் சாட்சியம் மாதிரி மேஜையில் வரிசையாக அடுக்கினாள். முதல் படத்தில் ஒரு பூனை. ரெண்டாவதில் மழைக்கு ஒதுங்கி சிகரெட் பிடிக்கும் என் மேற்பார்வையாளர். மூன்றிலிருந்து எட்டு வரை, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கையை விரித்து, பக்கவாட்டில் நகரும் நான்.

"அம்பது சரியா இருந்துச்சா?" என்றாள்.

நீர்நாய் மட்டும் இல்லை. புது இடம், புது வாசனை, அதுகளுக்குச் சந்தேகம். அவை இன்னும் புல்தடத்திலேயே ஏறின. நாங்கள் ஆள் போட்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவள் ஃபிரிட்ஜைத் திறந்து நாலு டப்பாக்களை வெளியே எடுத்தாள். தங்களுடைய வாசனை இருந்தால் தங்கள் இடம் என்று நினைக்குமாம். திண்டின் மேல் அங்கங்கே வைக்க வேண்டும். அவளுக்கு அன்று காய்ச்சல். டிரைவர் விடுப்பில். ஆகவே ஒரு கோட்டப் பொறியாளர், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தான் கட்டிய பாலத்துக்குள் தானே போய், பத்தடிக்கு ஒரு இடமாக அதை வைத்துவிட்டு வந்தார். அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஆபீஸ் வேலைன்னு சொல்லி உன்னை மாட்டிவிட்டுட்டேனேடா" என்றாள். அவள் குரலில் வருத்தம் துளியும் இல்லை.

பதினோராம் நாள் படம் விழுந்தது. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாலைத் தூக்கி, திண்டின் நட்ட நடுவில் ஒரு நீர்நாய் தன் பங்குக்கு எச்சமிட்டுக்கொண்டிருந்தது. நான் கட்டிய எத்தனையோ வேலைகளை எத்தனையோ பேர் வந்து திறந்துவைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு திறப்பு விழா எதற்கும் நடந்ததில்லை. அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு ஆபீஸ் மேஜையில் வைத்தேன். வருகிறவர்கள் என்ன படம் என்று கேட்டுவிட்டு, சொன்னதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஏழாம் எண்ணில் ஒன்றுகூடச் சாகவில்லை. நாலாம் எண்ணில் ஒன்று அடிபட்டது. அன்று அவள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்து சொன்னாள். நானும் கூட உட்கார்ந்தேன். அடுத்த வருஷம் நாலுக்கும் திண்டு வந்தது. அதற்கடுத்த வருஷம், ஓடையைக் கடக்கும் எல்லாப் புதுப் பாலங்களுக்கும் திண்டு கட்டாயம் என்று இரு துறைகளும் சேர்ந்து உத்தரவே போட்டுவிட்டன. அகலம் ஐம்பது சென்டிமீட்டர்.

இதற்கெல்லாம் பரிசாக அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்துத் தலைநகரத்துத் தலைமை அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். ஐந்தாம் மாடி, ஏசி அறை, சுழலும் நாற்காலி. அக்கா கடைசியில் தான் சொன்னது பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். ஒன்பது மாதம் தாங்கினாள் மனைவி. போனில் பேசும்போதெல்லாம் குரல் சோர்ந்திருக்கும். "இன்னிக்கு ஜன்னல்ல ஒரு புறா வந்துச்சு" என்று ஒருநாள் சொன்னாள். அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

பிறகு மாற்றல் கேட்டு மனு போட்டாள். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் "கணவருடன் சேர்ந்து வாழ" என்று எழுதினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உத்தரவும் வந்தது. ஆனால் என் ஊரில் இடம் காலியில்லை. கடலோரம் ஒரு பெரிய சதுப்பு நிலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போகத்தான் அவள் பத்து வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கணவன் மனைவியை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதியின்படி என்னையும் அங்கேயே மாற்றிவிட்டார்கள். என் பொறுப்பில் இருக்கும் சாலையின் மொத்த நீளம் பதினோரு கிலோமீட்டர். வருஷத்தில் நாலு மாதம் அதில் ஒன்பது கிலோமீட்டர் தண்ணீருக்கடியில் இருக்கும்.

போன வாரம் ஆபீஸுக்குப் படகில் போய்க்கொண்டிருந்தேன். படகோட்டி புது ஆள். துடுப்பை வலித்துக்கொண்டே, "சார் இங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"ரோடு இன்ஜினியர்" என்றேன்.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். நல்ல மனுஷன். சிரிக்காமல் துடுப்பை வலித்தார்.